கில்பர்ட்டின் மேல் இறங்கிய சொல்

பங்குனியில் வழக்கமாகப் பெய்யாத மழை பெய்து, உப்பளத்துப் பாத்திகளெல்லாம் கரைந்து கடலோடு போய்ச் சேர்ந்த வருஷத்திலிருந்து கோரைக்கரையில் மனிதர்கள் மேல் சொல் இறங்க ஆரம்பித்தது. ஏன் இறங்குகிறது என்று முதல் மாதம் மட்டும் கேட்டார்கள். இரண்டாம் மாதம் யார் வீட்டில் இறங்கியிருக்கிறது என்று கேட்டார்கள். மூன்றாம் மாதத்தில், சொல் இறங்கிய வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, இளநீர் வெட்டிக் கொடுப்பது, போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து அந்த ஆளை நாலு வார்த்தை பேச வைப்பது என்று ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சொல் இறங்குவது என்றால் இதுதான். காலையில் எழுந்திருக்கும்போது உச்சந்தலை ஈரமாக இருக்கும், எத்தனை முறை துவட்டினாலும் காயாது. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. ஆனால் தினமும் புழங்குகிற ஒரு வார்த்தை நாக்கிலிருந்து போயிருக்கும், அது இருந்த இடத்தில் சுற்றுப்பட்டு ஏழு ஊரிலும் யாரும் கேட்டிராத ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கும். வந்திருப்பது புதுச்சொல் என்பது அந்த ஆளுக்கே தெரியாது. அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால் விக்கல் வரும். கையால் காட்டச் சொன்னால் கை எழும்பும், உடனே விக்கலும் எழும்பும். வேறு யாராவது ஒருவர் அதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லைத் தன் வாக்கியத்தில் வைத்து அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்போது மூன்று தும்மல் வரும், உச்சந்தலை காயும், பழைய வார்த்தை திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் இறங்கியது ரேஷன் கடை ரெங்கநாயகி மேல். "வெயில் கொளுத்துது, கும்பிலி எடுத்துட்டுப் போங்க" என்று அவள் சொன்னபோது, தொப்பியா, துண்டா, தண்ணீர் பாட்டிலா என்று வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் விவாதித்தார்கள். மத்தியானம் அவளே, "நேத்து அடிச்ச காத்துல என் கும்பிலி மேல் பக்கமா மடங்கிப் போச்சு" என்றாள். வரிசை முழுவதும் ஒரே மூச்சில் தலையாட்டியது. "உங்க கும்பிலியில ரெண்டு கம்பி உடைஞ்சிருக்கும்மா" என்று யாரோ சொல்ல, ரெங்கநாயகி போட்ட மூன்று தும்மலில் தராசிலிருந்த சீனி பாதி தரையில் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் நாகூர்கனி பாய், வடை விலை எழுதியிருந்த கரும்பலகையை அன்றைக்கே துடைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். சொல் இறங்கியவர் சொன்ன வாக்கியங்கள் இடது பக்கம், ஊரார் சொல்லிப் பார்க்கிற அர்த்தங்கள் வலது பக்கம். தும்மல் வராத அர்த்தத்தை அடித்துவிட வேண்டும், அடித்ததை யாரும் மறுபடி தொடக் கூடாது. இது பாயின் சட்டம்.

பயப்பட ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. லாரி ஓட்டும் தங்கையா, சொல் இறங்கிய மறுநாளே லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் புறப்பட்டான். உப்பளத்துக்கு அப்பால் நிற்கும் ஊர்ப்பலகையை லாரி தாண்டிய நிமிஷத்தில் புதுச்சொல்லும் விழுந்தது, பழைய வார்த்தையும் விழுந்தது, அந்த வார்த்தைக்குரிய பொருளும் அவன் வாழ்க்கையிலிருந்து விழுந்துவிட்டது. அது தலையணை. இன்றைக்கும் அவன் தலைக்குக் கீழே ஒன்றை வைத்தால், "யாரு மூட்டையை இங்க வச்சிட்டுப் போனது" என்று எடுத்துத் தூரப் போட்டுவிட்டுக் கையை மடித்து வைத்துக்கொண்டு படுக்கிறான். அதனால் சொல் இறங்கியவர்கள் யாரும் ஊர்ப்பலகையைத் தாண்டுவதில்லை.

தாண்டியே தீர வேண்டிய நிலைமை முதன்முதலாகக் கில்பர்ட்டுக்கு வந்தது.

கில்பர்ட் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். இரண்டு மாத விடுமுறையில் வந்தவன், டீக்கடைக்கு எதிரே ஜெனோவா நடத்தும் மருந்துக்கடையில் இதுவரைக்கும் இருபத்தாறு பஞ்சுச் சுருள் வாங்கியிருந்தான். அவன் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஜெனோவாவுக்கு அது தெரியும், பஞ்சு எதற்கு என்று அவள் கேட்டதில்லை, அவன் வருகிற நேரத்துக்குப் பஞ்சு அலமாரி காலியாக இருக்கவும் விட்டதில்லை.

ஜெனோவாவைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வது, அவள் படிக்க முடியாத சீட்டே இல்லை என்பது. டாக்டர்கள் எழுதும் கோழிக் கிறுக்கலை அவள் முறைத்துப் பார்ப்பதில்லை. அதைச் சுற்றியிருப்பதைப் பார்ப்பாள். நோயாளிக்கு வயது என்ன, மேலே எழுதியிருக்கும் மருந்து என்ன, கீழே என்ன, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாளைக்கு. இவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் கிறுக்கல் தன் பெயரைத் தானே சொல்லிவிடும். அப்படியும் அந்த இடத்தில் இரண்டு மருந்து பொருந்துவதுபோல் இருந்தால், டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் டப்பாவைத் தொடமாட்டாள். ஊகத்துக்கு மருந்து கொடுத்த நாள் அவள் வாழ்க்கையில் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கில்பர்ட் வந்து நின்றான்.

"வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன். கொச்சியில கப்பல். பதினோரு மாசம்."

"தெரியும். உங்க அம்மா பிரஷர் மாத்திரை வாங்க வந்தப்ப சொன்னாங்க."

அவன் கவுண்டர் கண்ணாடியை விரலால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"எனக்காக நொசிர்வீங்களா?"

ஜெனோவா மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "என்ன செய்வேனா?"

"நொசிர்வீங்களான்னு கேட்டேன்."

"அப்படின்னா?"

அவன் வாயைத் திறந்தான். விக்கல் வந்தது. ஜெனோவா எட்டி அவன் தலையைப் பார்த்தாள். அந்த வெயிலில் உச்சந்தலை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"உங்களுக்குச் சொல் இறங்கியிருக்கு."

"எனக்கா? நான் நல்லாத்தான பேசுறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ரெங்கநாயகி அக்காகூட அப்படித்தான் சொன்னாங்க." பஞ்சுச் சுருள் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "படிக்க முடியாத சீட்டுக்கு நான் மருந்து குடுக்குறதில்ல, கில்பர்ட். நீங்க கேட்டது என்னன்னு தெரிஞ்சதும் பதில் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சாகணும். இல்லன்னா நீங்க எதைத் தொலைப்பீங்களோ."

மத்தியானத்துக்குள் கில்பர்ட் வீட்டு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. அவன் அம்மா பிலோமி தெருவில் நின்று யாரைப் பார்த்தாலும் சொன்னாள்: "எல்லாருக்கும் குடை, செருப்புன்னு இறங்குது. என் பிள்ளைக்கு எது இறங்கியிருக்கோ. சோறுன்னு இறங்கித் தொலைச்சிருந்தா பதினோரு மாசமும் தட்டைப் பாத்து இது என்ன வெள்ளையா கிடக்குன்னு கேப்பானே."

ஊர் கூடி அவனைப் பேச வைத்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பலகையின் இடது பக்கத்தில் முதல் வாக்கியம் ஏறியது: பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நொசிர்ந்தேன், கால் கடுக்குது.

"நிக்கிறதுதான்" என்றார் கனி பாய். "இதுக்குப் போயி ஒரு பலகை." கில்பர்ட்டின் முகத்தைப் பார்த்து, "நானும் அடுப்புக்கிட்ட நாள் பூரா நொசிர்ந்துக்கிட்டுத்தான்பா இருக்கேன்" என்றார். தும்மல் வரவில்லை. பாய் 'நில்' என்று எழுதி அதைத் தானே அடித்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு வாக்கியம் கிடைத்தது. பல் டாக்டர்கிட்ட உக்காந்து நொசிர்ந்து நொசிர்ந்து, மேஜையில கிடந்த பழைய பேப்பர் பூரா படிச்சு முடிச்சேன். குழம்பு ஆறுற வரைக்கும் நொசிர முடியாம வாயைச் சுட்டுக்கிட்டேன். இரண்டாவதைக் கேட்டதும் பிலோமிக்குப் பிடிபட்டுவிட்டது, ஊதுவதைத்தான் சொல்கிறான். மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏலேய், உனக்குப் பச்சப்பிள்ளையில நொசிர்ந்து நொசிர்ந்துதானல பால் குடுத்தேன்" என்றாள். மகன் அம்மாவைப் பாசத்தோடு பார்த்தான், தும்மவில்லை. "அக்கா, பல் டாக்டர்கிட்ட உக்காந்து எதைக்கா ஊதுவான்" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். "வலிச்சா ஊதமாட்டானா" என்றாள் பிலோமி, ஆனாலும் தன் கையாலேயே 'ஊது' என்பதை அடித்தாள்.

புதன்கிழமை கில்பர்ட் சொன்னான்: அலை அடங்கட்டும்னு எங்கப்பா கரையிலேயே நொசிர்வார், அதான் அவர் வலை கிழிஞ்சதே இல்ல. கோயில் பாட்டுக் குழு, இது ஜெபிப்பதுதான் என்று முடிவு செய்து, பன்னிரண்டு பேராக வந்து, "உனக்காக நாங்க தினமும் நொசிர்றோம் தம்பி" என்று ராகத்தோடு சொல்லிப் பார்த்தது. பலனில்லை. அன்று சாயங்காலம் டீ ஆற்றிக்கொண்டிருந்த கனி பாய் திடீரென்று குவளையைக் கீழே வைத்தார். "காத்திருக்கிறது. அதான். வேற ஒண்ணும் கிடையாது." கடைசி டீ ஒருவர் கையில் இருக்கும்போதே ஒன்பது அடித்தால் ஷட்டரை இழுக்கிற கனி பாய், கில்பர்ட்டின் தோளில் கை போட்டு, "நீ ஊருக்குத் திரும்பி வர்ற அன்னைக்கு எத்தனை மணி ஆனாலும் கடையைச் சாத்தாம உனக்காக நொசிர்வேன்பா" என்று உருக்கமாகச் சொன்னார். எல்லோரும் கில்பர்ட்டின் மூக்கையே பார்த்தார்கள். மூக்கு சும்மா இருந்தது. பாய் 'காத்திரு' என்று எழுதி, ஏமாற்றத்தில் அதன் மேல் இரண்டு கோடு போட்டார்.

வியாழக்கிழமை நூலகர் சுயம்புலிங்கம் அகராதியோடு வந்து அகரத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாக்கியம் அமைக்கத் தொடங்கினார். 'அகழ்' வரும்வரை கில்பர்ட் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். 'அடை' வந்தபோது தூங்கிவிட்டான். 'அவி' வந்தபோது சுயம்புலிங்கமும் தூங்கிவிட்டார்.

ஜெனோவா இந்த நாலு நாளும் பலகைப் பக்கம் போகவில்லை. யார் எந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனாலும் பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டாள். பஞ்சு வாங்க வந்த கில்பர்ட்டிடம், "வேற ஏதாவது சொல்லுங்க, அந்த வார்த்தையை வச்சு" என்றாள்.

"இங்க ஆள் நிறைய இருந்தா சந்தோஷமா நொசிர்வேன். ஆள் இல்லன்னா உடனே பஞ்சைக் குடுத்து அனுப்பிடுறீங்க."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். எழுதும்போது காது சிவந்தது, ஆனால் கையெழுத்து நேராகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பஸ் வந்து நின்றது. கில்பர்ட்டின் பெட்டி கூரைமேல் ஏறியது. ஜெனோவா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பில் புத்தகத்தோடு சாலையைத் தாண்டி முதன்முதலாகப் பலகை முன்னால் வந்து நின்றாள். வலது பக்கத்தை மேலிருந்து கீழே படித்து, ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் பொருத்தினாள். 'நில்' பஸ் ஸ்டாண்டில் பொருந்தியது, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கெட்டுப்போனது. 'ஊது' குழம்பில் பொருந்தியது, பஸ் ஸ்டாண்டில் விழுந்தது. 'ஜெபி' அலைக்குச் சரி, குழம்புக்குச் சரியில்லை. இரண்டு கோடு போட்டு அடித்திருந்த வார்த்தைக்கு வந்தாள். அடித்ததைத் தொடக் கூடாது என்பது சட்டம். அவள் தொட்டாள். பஸ் ஸ்டாண்டு, சரி. பல் டாக்டர், சரி. குழம்பு, சரி. அலை, சரி. மருந்துக்கடைக் கவுண்டர், சரி. கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது, அதைப் பலகையில் யாரும் எழுதவில்லை, அவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்காக. அங்கேயும் அது அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது.

மருந்தின் பெயர் தெளிவாகப் புரிந்து, அலமாரியைத் திரும்பிப் பார்த்தால் அந்த மருந்து இல்லாமல் இருப்பதுபோல ஒரு கணம் அவளுக்கு இருந்தது. அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தார். பிலோமி அழத் தொடங்கியிருந்தாள். பாட்டுக் குழு, கனி பாய், ரெங்கநாயகி, அகராதியோடு சுயம்புலிங்கம், எல்லோரும் படிக்கட்டைச் சுற்றி நின்றார்கள். ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முகத்தைப் பார்த்து, கப்பலுக்குப் போகிறவர்களுக்கு ஊர் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னாள்.

"கில்பர்ட், உங்களுக்காக நான் நொசிர்வேன்."

கில்பர்ட்டின் முகம் மலர்ந்தது. ஆனால் அவன் தும்மவில்லை. தலையிலிருந்து ஒரு சொட்டு நீர் அவன் சட்டைக் காலரில் விழுந்தது.

"அதுவும் இல்ல" என்றார் கனி பாய். "நான்தான் ரெண்டு கோடு போட்டு வச்சிருந்தேனம்மா."

"ஏறுங்க சார், நேரமாச்சு" என்றார் கண்டக்டர்.

ஜெனோவா நகரவில்லை. ஐந்து வாக்கியத்தில் பொருந்திய அர்த்தம் ஆறாவதில் பொய்யாகாது. அர்த்தம் சரி என்றால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். வழக்கம்போல அவள் வார்த்தையை விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பார்த்தாள். ரேஷன் கடையில் குடைக்கம்பி உண்மையாகவே உடைந்திருந்தது. கனி பாயின் கடை ஒருநாளும் ராத்திரி ஒன்பதே கால் வரைக்கும் திறந்திருந்ததில்லை. தினமும் நாலு மணிக்கு அவள் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை வாங்குகிற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். கப்பலிலிருந்து போன் வரும் என்று குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோகிறவர்கள், ஒரு சேலை எடுத்தாலும் புருஷன் வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று மடித்து வைக்கிறவர்கள். அவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியம் இருந்தது. அதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"கில்பர்ட், நான் இப்ப சொன்னது சரியில்ல" என்றாள். "நான் நொசிர மாட்டேன்."

பிலோமி அழுகையை நிறுத்தினாள்.

"காலையில கடை திறப்பேன். சீட்டுப் படிப்பேன். புதுச்சேலை வாங்கினா அன்னைக்கே கட்டிக்குவேன். அந்தப் பதினோரு மாசமும் எனக்கும் மாசம்தான், அதை மடிச்சு உள்ள வைக்க என்னால முடியாது. உங்களை எனக்குப் பிடிக்கும். நீங்க வர்ற அன்னைக்கும் கடை திறந்துதான் இருக்கும், வந்து பேசுங்க. ஆனா நொசிர மாட்டேன்."

முதல் தும்மலில் கண்டக்டரின் கையிலிருந்த டிக்கெட் கட்டு பறந்தது. இரண்டாவது தும்மலில் கனி பாய் கடை அடுப்பு குப்பென்று எரிந்தது. மூன்றாவது தும்மல் வந்தபோது கில்பர்ட் பஸ் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் தலைமுடி மே மாதத்து வைக்கோல்போல மொரமொரவென்று காய்ந்துவிட்டது.

"காத்திருக்க மாட்டீங்க" என்றான், வெகுநாள் கழித்து ஊர்த் தண்ணீரைக் குடிப்பவனைப்போல அந்த வார்த்தையை மெதுவாகச் சுவைத்து.

"மாட்டேன்."

"இப்பத்தான் புரியுது, நான் என்ன கேட்டேன்னு." அவன் சிரித்துவிட்டான். பிலோமிக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் பொதுவாக முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டு, உப்பளத்தைச் சுற்றி, ஊர்ப்பலகையைத் தாண்டிப் போனது. அதிலிருந்து எதுவும் விழவில்லை.

கனி பாய் பலகையில் போட்டிருந்த இரண்டு கோட்டையும் எச்சில் தொட்டு அழித்தார். கடையில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்பா" என்றார். அன்றிலிருந்து கோரைக்கரையில் பேச்சுக்குச் சொல்வது குறைந்துபோனது. யாருடைய தலை ஈரமாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைத்தால், கண்டிப்பாக வருகிறேன் என்பதற்குப் பதிலாக, அன்றைக்கு எனக்கு ஆடு வாங்கப் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டுப் போங்க என்று சொல்வதற்கு முன்னால் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். சில சண்டைகள் வந்தன, பழைய சண்டைகள் சில தீர்ந்தும் போயின.

சுயம்புலிங்கத்துக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஒரு மாதம் கழித்து இருமல் மருந்து வாங்க வந்தபோது கேட்டார். "யோசிச்சுப் பாத்தேம்மா. 'நேத்து நான் பஸ்ஸுக்கு நொசிர்ந்தேன்'னு நீ சொல்லியிருந்தாலே தும்மல் வந்திருக்கும். சொல்றது உண்மையா இருந்தாப் போதும்தானே."

"வந்திருக்கும் சார். ஆனா அவர் கேட்டது அது இல்லையே" என்றாள் ஜெனோவா, மூடியை இறுக்கிக் கொடுத்துக்கொண்டே.

பதினோரு மாதம் என்று சொன்ன கப்பல் பதின்மூன்று மாதம் கழித்துத்தான் கரை சேர்ந்தது. ஒரு பிற்பகலில் ஜெனோவா, போன பொங்கலுக்கு எடுத்து அன்றைக்கே கட்டி இப்போது பாதி வெளுத்திருந்த நீலச் சேலையில், மோசமான கையெழுத்துள்ள ஒரு சீட்டைக் கையில் வைத்து, எதிரே நின்ற கிழவரிடம் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரோ பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ கண்ணாடியை விரலால் துடைத்தார்கள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்கள்.

ஜெனோவா தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் நொசிருங்க" என்றாள். "இந்தச் சீட்டை முடிச்சிட்டு வர்றேன்."

கில்பர்ட் பயந்துபோய் எட்டி அவள் உச்சந்தலையைப் பார்த்தான். அது நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. அவன் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, பஞ்சுச் சுருள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, கிழவர் தன் நோயை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்ததைக் கேட்டபடி, சந்தோஷமாக நொசிர்ந்தான்.